மாமா மூச்சில் சொன்ன சம்மதம்

என்னைத் தன் மகனுக்குக் கட்டிவைக்க என் தாய்மாமா சம்மதம் சொன்னபோது, அவர் பேச்சிழந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நாக்கு அசையவில்லை. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கண் திறந்திருக்கும், ஆனால் எதைப் பார்க்கிறது என்று சொல்ல முடியாது. கஞ்சி ஊட்டினால் பாதி உள்ளே போகும், பாதி கழுத்தில் வழியும். அவர் தானாகச் செய்த காரியம் மூச்சு விடுவது ஒன்றுதான். அந்த மூச்சைத்தான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. நினைத்தால் இன்றும் முதலில் வருவது கோபம் அல்ல, குமட்டல். புறா ரத்தமும் வேப்பெண்ணெயும் மூத்திரமும் கலந்த ஒரு வாடை மூக்கின் பின்பக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் ஊர் சரவணம்பட்டிக்கு வடக்கே இருக்கிறது. வானம் பார்த்த மேட்டுக்காடு. சோளம், கம்பு, பருத்தி. எங்கள் வீட்டிலும் சரி, அம்மா பிறந்த வீட்டிலும் சரி, எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. பெண்களை மட்டும் சொல்லவில்லை, ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பா கைநாட்டு. நான் கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் பத்தும் முடித்து, கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து, சென்னையில் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தேன். ரயிலுக்கு என் சீட்டை நானே வாங்குவேன். ஊரில் யாருக்குக் கடுதாசி வந்தாலும் விடுமுறையில் நான் வரும்வரை எடுத்துவைத்திருப்பார்கள். அதில் எனக்கு இருந்த கர்வத்தை மறைக்கப் போவதில்லை. அது இல்லாவிட்டால் முதல் வருஷமே பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பியிருப்பேன்.

மாமா ஊர் கொடுமுடிப் பக்கம். வாய்க்கால் பாசனம், நெல், மஞ்சள், வெற்றிலைக் கொடிக்கால். தாய்மாமன் மகனுக்கு நான் உரிமைப் பெண். கேட்க வேண்டியதே இல்லை, வளர்ந்ததும் கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். ஆனால் நான் பத்தாவது தேறிய வருஷம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா கொடுத்த மோரைக் குடித்து முடித்துவிட்டு, என்னை வைத்துக்கொண்டே சொன்னார்: "எழுத்துப் படிச்ச பொம்பள என்ற ஊட்டுக்கு ஆகாதுங்க மாப்ள. நேரா மொகத்தப் பாத்துப் பேசுது. உரிமைய நான் உட்டுட்டேன், நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

கழுதையைச் சந்தையில் பல் பார்த்துத் தள்ளிவிடுவதுபோல் தள்ளிவிட்டார். முகம் எரிந்தது. ஆனால் அன்றைக்கு அவர் வண்டி ஏறிப் போன பிறகு நான் கொல்லையில் நின்று தனியாகச் சிரித்தேன். அவர் வெறுப்பில் எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது. அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். யார் கேட்டாலும், "மச்சானே வேண்டாம்னுட்டாருங்க, இனி அம்மிணி படிக்கட்டும்" என்பார். மாமன் உரிமையை விட்ட பெண்ணை ஏன் படிக்கவைக்கிறாய் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

பிறகு மாமா கொடிக்காலில் வாதம் வந்து விழுந்தார்.

அத்தை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டாள். மாமன் மகன் கட்டில் பக்கம் வரமாட்டான். வாசல் தூணில் சாய்ந்து வெற்றிலையைக் கிழித்துக்கொண்டிருப்பான். ஐந்தாறு மாதத்தில் அத்தைக்கு யோசனை வந்துவிட்டது. அம்மாவிடம் ஒளிக்காமலே கேட்டாளாம்: "டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு ஊட்டோட இருந்தா, உங்க அண்ணனுக்கு ஆசுபத்திரி எதுக்குங்க?" அம்மாவுக்கு அது நியாயமாகத் தோன்றியது. தன் அண்ணன், தான் பிறந்த வீடு. அப்பா மறுக்கத் தெரியாமல் ஒரு பதில் சொன்னார். மச்சான் தன் வாயால் வேண்டாம் என்றவர், அவரே வேண்டும் என்று சொன்னால் தனக்கு மறுபேச்சு இல்லை, மற்றவர்கள் சொன்னால் தன்னால் செய்ய முடியாது என்றார். வாயில்லாதவர் எப்படிச் சொல்வார் என்று நினைத்துத்தான் சொன்னார். அதை எனக்கு எழுதவும் வைத்தார். பக்கத்து ஊர் வாத்தியார் எழுதிய அந்தக் கடுதாசியை நான் விடுதியில் படித்துவிட்டு அப்பாவின் சாமர்த்தியத்தை மெச்சினேன்.

சித்திரை கடைசியில் விடுமுறைக்கு வந்தபோது நேரே கொடுமுடியில் இறங்கும்படி சேதி வந்திருந்தது. அப்பாவும் அம்மாவும் அங்கே வந்துவிட்டார்கள். மாமா குணமாக அவர்கள் ஊர் அம்மனுக்குக் கிடாய் வெட்டு.

நான் வீட்டுக்குள் போன வேளை, காலை வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. நடுக்கூடத்தை அந்தப் பக்கம் ஆசாரம் என்பார்கள். அங்கே கயிற்றுக் கட்டிலின் நடுவில் கயிற்றை அறுத்து ஓட்டை விட்டு, கீழே சாம்பல் கொட்டிய மண்சட்டி வைத்திருந்தார்கள். சட்டியைச் சுற்றி ஈ. வைத்தியர் என்று ஒருவர், பக்கத்துக் கிராமம், நெற்றி நிறையத் திருநீறு, விரல் நகம் எல்லாம் எண்ணெய் ஊறி மஞ்சளாகக் கிடந்தது. ஒரு புறாவின் கழுத்தைத் திருகி, சூடு ஆறுவதற்குள் அந்த ரத்தத்தை மாமாவின் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் தோலில் காய்ந்து சிறு சிறு செதிலாகப் பிரிந்தது. அதன் மேல் வேப்பெண்ணெய். புறா இன்னும் தரையில் ஒரு இறக்கையை விரித்து மடக்கிக்கொண்டிருந்தது.

இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். அதன் மேல் மஞ்சளும் சாணிச் சாம்பலும் அப்பியிருந்தார்கள். இதைக் கழுவ வேண்டும் என்று எனக்குத் தெரியும். எப்படிக் கழுவ வேண்டும் என்றும் தெரியும். ஆனால் நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூணோடு நின்றேன். அத்தை பார்த்துவிட்டாள்.

"படிப்புல தொடறதுக்கெல்லாம் சொல்லித்தர்றதில்லீங்களா அம்மிணி?" என்றாள். அந்த 'ங்க'வில் இருந்த குத்தல் எனக்குப் புரிந்தது.

வைத்தியர் அடுத்து மாமாவின் வலது முழங்காலைப் பிடித்து வயிறு வரைக்கும் மடக்கி நீட்டினார். மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, செக்கு ஓட்டுவதுபோல் ஒரே தாளம். அத்தை தலைமாட்டில் குனிந்து கேட்டாள்: "ஏனுங்க, ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?"

மாமாவின் மார்பு எழுந்தது. மூச்சு நீளமாகி, பிறகு வேகமாகி, மூக்கில் சத்தம் வந்தது. அத்தை நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். "தூங்குனாராமுங்க."

வைத்தியர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கக் காலைக் கீழே வைத்தார். மூச்சு மெள்ள அடங்கியது. அந்த நேரம் அத்தை, "கஞ்சி இன்னைக்குச் சித்தெக் கெட்டியா வெக்கட்டுங்களா?" என்றாள். மூச்சு அப்படியே கிடந்தது. "வேண்டாமாமுங்க" என்று அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நரம்பு பேசுதுங்க, மனுசன் உள்ளார முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கறாரு" என்றார் வைத்தியர். இப்படியே மூன்று நான்கு மாதமாகக் கேள்வியும் பதிலும் நடந்துவந்ததாம். வயலுக்கு எந்த விதை, எந்த மாட்டை விற்பது, யாருக்கு மொய் வைப்பது, எல்லாம். மூச்சு எழுந்தால் ஆமாம். எழாவிட்டால் இல்லை. காலை மடக்கும் வேளையில்தான் அவருக்கு நினைவு தெளிகிறது என்று அந்த வேளைக்காகக் கேள்விகளைச் சேர்த்துவைப்பார்கள்.

இதே காட்சியை நான் முந்தின மாசிமாதம் மருத்துவப் பள்ளியில் பார்த்திருந்தேன்.

அது முயல். மருந்து கொடுத்து நினைவில்லாமல் செய்து, பலகையில் மல்லாக்கக் கட்டியிருந்தார்கள். தொண்டையில் ஒரு குழாய், அதிலிருந்து ரப்பர்க் குழாய், அதன் முனையில் ஒரு மெல்லிய முள். விளக்குப் புகை பிடித்த காகிதம் சுற்றிய உருளை சுழலச் சுழல, முயலின் ஒவ்வொரு மூச்சையும் அந்த முள் கரியில் வெள்ளைக் கோடாகக் கீறிக்கொண்டு போனது. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுப் பின்னங்காலை மடக்கி நீட்டச் சொன்னார். ஈரமான ரோமம், அடியில் இளஞ்சூடு, விரலுக்குள் கயிறு கயிறாகத் தசை. மடக்கினேன். இரண்டாவது மடக்கிலேயே கோடு எழும்பியது. நிறுத்தினேன், இறங்கியது. பிறகு அவர் அந்தக் காலுக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டு மறுபடி மடக்கச் சொன்னார். கோடு அசையவில்லை. வெட்டாத காலை மடக்கினேன், எழும்பியது.

தசையும் மூட்டும் அசைந்த கணமே அங்கிருக்கும் உணர்ச்சி நரம்புகள் முதுகுத்தண்டு வழியாக மேலே சேதி அனுப்புகின்றன, மூளையின் அடித்தண்டில் மூச்சை நடத்தும் இடம் அதைக் கேட்டுக்கொள்கிறது என்றார். நாம் ஓடத் தொடங்கும்போது முதல் அடியிலேயே மூச்சு மாறுவது அதனால்தான். ரத்தத்தில் காற்றுக் குறைந்து தெரியும்வரை உடம்பு காத்திருப்பதில்லை. இதற்கு மனசு வேண்டாம், விருப்பம் வேண்டாம், விழிப்புகூட வேண்டாம். கால் அசைந்தால் போதும். அதை யார் அசைத்தாலும் சரி.

நான் வெளியே போய்ச் சுவரோரமாக வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து குறிப்பு எழுதினேன். வகுப்பில் மயங்கி விழுந்தவள் நான்தான் என்று பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை.

இப்போது ஆசாரத்தில் நின்றபடி என் கை நாடித் துடிப்பையே கணக்காக வைத்து மாமாவின் மூச்சை எண்ணினேன். கால் மடங்கும்போது எகிறியது. கால் படுத்ததும் இறங்கியது. கேள்வி என்னவாக இருந்தாலும் அதே. வலியும் சேர்ந்திருக்கலாம், இறுகிப்போன மூட்டை அந்த மனிதர் மரக்கிளையை வளைப்பதுபோல வளைத்தார். எது ஆனாலும் அது பதில் இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். அப்பாவிடமாவது தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் என்னைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தை அம்மாவிடம் பேசியது காதில் விழுந்தது. கேட்கட்டும், எல்லாரும் கூடியிருக்கும்போது உடைத்துக் காட்டுகிறேன் என்று நினைத்தேன். 'தொடச் சொல்லித்தர்றதில்லீங்களா' என்றது உள்ளே கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கிடாய் வெட்டு. கோயில் என்பது வேப்பமரத்தடியில் மூன்று கல். எங்கள் பக்கத்து வழக்கம், அம்மன் உத்தரவு கொடுக்காமல் கிடாயை வெட்டமாட்டார்கள். கிடாய்க்கு மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பை உதறிச் சிலிர்த்தால் அம்மன் சம்மதித்துவிட்டாள். அதைத் துலுக்குவது என்பார்கள். அன்றைக்கு அந்தக் கிடாய் துலுக்கவில்லை. கறுப்புக் கிடாய். நனைந்துகொண்டு எங்களைப் பார்த்து நின்றது. இரண்டாம் சொம்பு ஊற்றினார்கள். மூன்றாம் சொம்பை, பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் வாங்கி, காதுக்குள் விழும்படி மெள்ள வார்த்தார். காதில் தண்ணீர் போனால் எந்த உயிர்தான் உதறாது? கிடாய் தலையோடு வால்வரை சிலுப்பியது. "துலுக்கிருச்சு, ஆத்தா குடுத்துட்டா" என்றார்கள் எல்லாரும். பெண்கள் குலவை இட்டார்கள். அடுத்த நொடி தலை கீழே கிடந்தது. நாக்கு பல்லுக்கு வெளியே வந்து மண்ணைத் தொட்டது.

எத்தனையோ முறை பார்த்ததுதான். அதற்கு முன் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை, கறி தின்றிருக்கிறேன். அன்றைக்குத்தான் பெரியவரின் சொம்பு எங்கே சாய்ந்தது என்பதைப் பார்த்தேன்.

கறி வெந்துகொண்டிருக்கும்போதே உறவுமுறை எல்லாம் ஆசாரத்தில் கூடியது. சிலர் கையில் இன்னும் ரத்தம் காயவில்லை. கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு தயாராக இருந்தது. வைத்தியருக்கு அன்று புது வேட்டி. அவர் மாமாவின் காலைப் பிடித்து மடக்கத் தொடங்கினார். நாலைந்து மடக்கு ஆனதும் அத்தை கேட்டாள்.

"ஏனுங்க, நம்ம பையனுக்கு உங்க தங்கச்சி புள்ளையவே கட்டிவெச்சுப்போடலாமுங்களா?"

மூச்சு எழுந்தது. வைத்தியர் கையை வேகப்படுத்தினார். மூச்சு புஸ் புஸ் என்று வந்தது, எச்சில் நுரைத்தது.

"சொல்லிட்டாருங்க" என்றார் பெரியவர். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார். அவர் கொடுத்த வாக்கு. இரண்டு வீட்டார் முன்னால் நின்று அதை அவரால் மாற்ற முடியாது. தாம்பாளத்தை எடுக்க அத்தை கையை நீட்டிவிட்டாள். என் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. அந்தத் தட்டு கை மாறினால் நான் இந்த ஓட்டைக் கட்டிலுக்குக் கீழே சட்டி மாற்றுகிறவளாக ஆகிவிடுவேன்.

"நானும் மாமாவ ஒண்ணு கேக்கணுங்க" என்றேன்.

யாரும் தடுக்கவில்லை. கல்யாணப் பெண் மாமனிடம் ஆசி கேட்கப்போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நான் வைத்தியரை நகரச் சொல்லிவிட்டு மாமாவின் காலைப் பிடித்தேன். முதல்முறையாக அன்றுதான் அவரைத் தொட்டேன். எண்ணெயும் காய்ந்த ரத்தமும் பிசினாகக் கையில் ஒட்டின. தசை கரைந்து எலும்பின் மேல் தோல் வழுக்கியது. மடக்கினேன்.

"மாமா, நம்ம கொடிக்கால முச்சூடும் புடுங்கிப்போட்டு எருக்கஞ்செடி வெக்கலாமுங்களா?"

மூச்சு எழுந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாமன் மகன்கூடத் தூணைவிட்டு நிமிர்ந்து நின்றான்.

"காளைமாட்டுல பால் கறக்கலாமுங்களா மாமா?"

எழுந்தது. இப்போது இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கு ருசி கண்டுவிட்டது. காலைக் கீழே வைத்து, மூச்சு அடங்கும்வரை பொறுத்திருந்து, கல்யாணக் கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். அதைத்தான் செய்ய நினைத்திருந்தேன். ஆனால் எதிரே அத்தை நின்றாள், தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு. காலை இன்னும் வேகமாக மடக்கினேன்.

"அத்தையப் பொறந்த ஊட்டுக்கு அனுப்பிப்போட்டு, உங்களுக்கு வேற பொண்ணு கொண்டாரலாமுங்களா மாமா?"

மூச்சு முன்னைவிடப் பலமாக எழுந்தது. ஆசையோடு சொல்வதுபோலவே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் "அடிப் பாவி" என்றாள், மெதுவாக.

நான் காலைக் கீழே வைத்தேன். மூச்சு இறங்கியதும் கல்யாணக் கேள்வியையும் கேட்டேன். ஒன்றும் எழவில்லை. பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: காலை அசைத்தால் மூச்சு ஏறும், அது காலின் நரம்பு செய்கிற வேலை, மாமா சொல்கிற பதில் இல்லை; இத்தனை நாளும் பதில் சொன்னது வைத்தியர் கை. வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோல் தெளிவாகச் சொன்னேன்.

வைத்தியர் நான் மடக்கிய விதம் தப்பு என்றார். அதை நான் எதிர்பார்த்தேன். நான் எதிர்பார்க்காதது பெரியவரை. அவர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"கெடாய்க்குத் தண்ணி ஊத்தாமத் துலுக்குமா கண்ணு? தண்ணியிலதான் துலுக்குது, அது எங்களுக்கும் தெரியும். அதுக்காவ ஆத்தா இல்லைன்னு ஆயிருமா?"

சுற்றிலும் தலைகள் ஆடின. கிடாயின் காதில் ஊற்றிய அதே ஆள், மனசறிந்து ஊற்றியவர், கண் சிமிட்டாமல் இதைச் சொல்கிறார். சுற்றி நிற்பவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஊற்றுகிறார்கள், தெரிந்துதான் மடக்குகிறார்கள். இதைவிட அவர்கள் ஏமாந்த மனிதர்களாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது. என் முயலும் புகைக் காகிதமும் நிரூபித்தது அங்கே ஒரு செல்லாக்காசுக்கு ஆகவில்லை. அப்பா இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தைதான் முடித்தாள். தாம்பாளத்தைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். "இந்தப் பொண்ணு என்ற ஊட்டுக்கு வேண்டாமுங்க" என்றாள். பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வேண்டாமுன்னா வேண்டாமுங்க" என்று சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

எல்லாரும் கறிச்சோறு தின்றார்கள். நான் தின்னவில்லை. கிணற்றடியில் சாம்பலும் சீயக்காயும் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அத்தை சட்டி கழுவ வந்தாள். அதே சட்டிதான். கழுவி முடித்தாள். பிறகு நிமிராமல் கேட்டாள், இந்த முறை 'ங்க' இல்லை: "அவருக்கு நாம் பேசறது கேக்குதா, இல்லையா? அதையாச்சும் சொல்லு."

தெரியவில்லை என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். அந்த மூச்சை வைத்து எதையும் சொல்ல முடியாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

"நாலு மாசமா நாலு வார்த்தை பேசிக்கிட்டிருந்தோம்" என்றாள். சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஸ்டேஷனுக்கு வண்டியில் போகும்போது அப்பா மாட்டின் கொம்பையே பார்த்துக்கொண்டு வந்தார். வாய்க்கால் பாலம் தாண்டியதும், "அந்தக் கடைசிக் கேள்வி வேண்டியதில்லைங் கண்ணு" என்றார். வேண்டியதில்லைதான். மறுபடியும் அப்படி ஒரு நாள் வந்தால் மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்வேன். அந்த ஒன்றை மட்டும் கேட்கமாட்டேன். ஆனால் அந்த ஒன்றைக் கேட்காமல் இருந்திருந்தால் தாம்பாளம் கை மாறியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இதை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் சுத்தமாக வருவதில்லை.

நான் சென்னைக்குத் திரும்பினேன். படிப்பு முடிந்தது. மற்றதெல்லாம் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது. அத்தை வைத்தியரை நிறுத்திவிட்டாளாம். புண்ணைக் கழுவுகிறாளாம், புரட்டிப் படுக்கவைக்கிறாளாம், கஞ்சி ஊட்டுகிறாளாம், எல்லாம் வாய் திறக்காமல். விதை, மாடு, மொய் எதையும் யாரும் அவரிடம் கேட்பதில்லை. அந்த ஆசாரத்தில் அவரை வைத்துக்கொண்டே அவருடைய சாவுச் செலவைப் பற்றிப் பேசுகிறார்களாம். அம்மா இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மாமன் மகனுக்குக் கரூர்ப் பக்கம் பெண் பார்த்து நிச்சயம் செய்தபோது மாமா உயிரோடு இருந்தார். மழை நாளானதால் எல்லாரும் ஆசாரத்திலேயே உட்கார்ந்தார்களாம். கட்டிலை நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை. பெண் வீட்டார் அந்தப் பக்கம், இவர்கள் இந்தப் பக்கம். வெற்றிலைத் தாம்பாளத்தை அவர் வயிற்றுக்கு மேலாகத்தான் கை மாற்றினார்கள் என்றாள் அம்மா.